உனக்கென்ன குறை?

கவலையில் தூக்கம் கெட்டவர்களுக்கு இப்போது அதிகம் சொல்லப்படும் யோசனை நன்றிக் குறிப்பேடு. அன்று கிடைத்த நல்லவற்றைப் படுக்கும்முன் எழுதிவைக்க வேண்டும். இதற்கு ஆய்வுப் பலம் தந்தவர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள். 2003-இல் வெளியான அவர்களது ஆய்வில் ஒரு பிரிவினர் நன்றிக்குரியவற்றை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் எரிச்சலூட்டியவற்றை எழுதினார்கள். முதல் பிரிவினரின் மனநிலை மேம்பட்டிருந்தது. ஆனால் வாரக்கணக்கில் எரிச்சலையே எழுதியவரோடு ஒப்பிட்டால் எந்தப் பயிற்சியும் சற்று உயர்ந்துதானே தெரியும்?

இந்தச் சந்தேகம் வீண்போகவில்லை. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிரெக்கும் ஜெனிஃபர் சீவென்ஸும் பின்னாளில் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்விலும் பதற்றத்திலும் நன்றிப் பயிற்சி தந்த மாற்றம் சிறியது. அவற்றைக் குறைக்க விரும்புவோர் இன்னும் வலுவான சான்றுள்ள வழிகளை நாட வேண்டும் என்பதே அவர்கள் முடிவு.

அதற்காக இதைத் தூக்கி எறியவும் வேண்டாம். கவலை நாளையைப் பற்றியது, 'அப்படி ஆகிவிட்டால்?' என்று கிளை விட்டுக்கொண்டே போகும். நன்றியோ நடந்துமுடிந்த ஒன்றைப் பற்றியது. மருத்துவமனை வரிசையில் தன் இடத்தை விட்டுக்கொடுத்த ஒருவரை நினைக்கும் சில நிமிடங்களாவது மனம் ஓர் உண்மையில் நிற்கிறது. படுக்கையில் ஓடும் எண்ணங்களுக்கு அது நல்ல மாற்று. தினமும் எழுதியே தீர வேண்டும் என்பதில்லை. உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியின் ஆய்வில், வாரம் மூன்று முறை எழுதியவர்களைவிட ஒரு முறை எழுதியவர்களே அதிகம் பயனடைந்தார்கள். எதையும் கடமையாக்கிக்கொண்டு, தவறினால் அதற்கும் வருந்தும் கவலைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனாலும் குறிப்பேட்டில் ஒரு குறை உண்டு. திருக்குறளின் செய்ந்நன்றி அறிதல் அதிகாரம் பேசுவது, உதவியவருக்கு நாம் பட்ட கடனை. குறிப்பேட்டிலோ அந்த ஆள் காணாமல்போகிறார். நன்றி நம் நிம்மதிக்கான மருந்தாகச் சுருங்குகிறது. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதி உரியவரிடம் நேரில் கொடுத்தவர்களின் மகிழ்ச்சி உடனடியாக நன்கு உயர்ந்தது. ஒரு மாதம்வரை நீடித்தது. கவலை மனிதரைத் தனிமையில் அடைக்கும். நேரில் போய்ச் சொல்லும் நன்றி அதை உடைக்கிறது. அதனால் குறிப்பேட்டைவிடக் கடிதத்தையே நான் மதிக்கிறேன்.

எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். "உனக்கென்ன குறை? உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்!" நம் வீடுகளில் நன்றியுணர்வு பெரும்பாலும் இப்படித்தான் போதிக்கப்படுகிறது. குடிக்கும் கணவனுக்கு அஞ்சும் பெண்ணிடமும், சம்பள பாக்கியால் தவணை கட்ட முடியாத தொழிலாளியிடமும் இதையே சொல்கிறோம். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை நன்றியால் மூடினால், பயத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும். அவர்களுக்கு வேண்டியது பாதுகாப்பு, வரவேண்டிய சம்பளம்.

படபடப்பும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால், குறிப்பேட்டோடு நின்றுவிடாதீர்கள். அரசின் டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.