சுயநிர்ணயத்திலிருந்து சுயாட்சிக்கு: ம.பொ.சி.யின் அரசியல் நிலைமாற்றம்

ம.பொ.சிவஞானத்தின் (1906–1995) அரசியல் வாழ்வை மதிப்பிடுவோர் பெரும்பாலும் 1967ஆம் ஆண்டிலேயே நின்றுவிடுகின்றனர். திராவிட இயக்கத்தை நெடுங்காலம் மேடைதோறும் எதிர்த்தவர், அவ்வாண்டுத் தேர்தலில் தி.மு.க. அணியில் நின்று தியாகராய நகர்த் தொகுதியில் வென்றார். மாற்றார் இதனைச் சந்தர்ப்பவாதம் என்பர்; அன்பர்கள் காலத்தின் தேவை என்பர். இரு சாராரும் அளப்பது அணியையே, கருத்தையன்று. (அதே அணியில் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது என்பதை இரு சாராருமே எளிதில் மறந்துவிடுகின்றனர்.)

கருத்தளவில் நோக்கின், இடைவெளியைப் பெரிதும் கடந்து வந்தது தி.மு.க.வே எனலாம். திராவிட நாட்டுக் கோரிக்கையை ம.பொ.சி. மறுத்தது மொழிவழித் தமிழகம் என்னும் அடிப்படையில். பல மொழியினரை ஒரே நாட்டுக்குள் அடக்க முனையும் திட்டத்தில், தமிழகத்தின் வடக்கெல்லை எது என்னும் வினாவுக்கு முதன்மை கிடைப்பதில்லை. அவருக்கோ அதுவே தலையாய வினா. திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்தோடு இணைந்ததன் பின்னணியில் அவரது போராட்டம் உண்டு. 1963இல் அரசமைப்பின் பதினாறாவது திருத்தத்தை ஒட்டித் தி.மு.க. பிரிவினையைக் கைவிட்டபின் எஞ்சிய மாநில உரிமை முழக்கம், தமிழரசுக் கழகத்துக்கு அயலானதன்று.

விடை வேண்டி நிற்கும் மாற்றம் வேறு. 1946இல் தோன்றிய தமிழரசுக் கழகம் தொடக்கத்தில் பேசியது தமிழினத்தின் சுயநிர்ணய உரிமை. பின்னர் அவர் வலியுறுத்தியது மாநில சுயாட்சி. முன்னது, ஓர் இனம் தன் அரசியல் நிலையைத் தானே முடிவு செய்வது. பின்னது, முன்பே முடிவாகிவிட்ட ஓர் அரசமைப்புக்குள் அதிகாரத்தைப் பங்கிடுவது. 1956இன் மாநிலச் சீரமைப்பு இம்மாற்றத்துக்கு ஓரளவு நியாயம் வழங்கக்கூடும். ஆயினும் இரண்டையும் ஒரே கொள்கையின் இரு பெயர்களாகக் கொள்வது ஏற்புடையதன்று.

இம்மயக்கத்துக்கு ஆய்வுமுறையும் ஒரு காரணம். ‘எனது போராட்டம்’ வெளிவந்தது 1974இல். அதே ஆண்டில்தான் தமிழகச் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. நூலாசிரியர் அப்போது சட்டமன்ற மேலவையின் துணைத்தலைவர். தன்வரலாறு எழுதுவோர் தொடக்கத்தை முடிவின் ஒளியில் காண்பது இயல்பு. அந்நூலை மட்டும் கொண்டு 1946இன் நோக்கத்தை விளக்குவது, சான்றாளரையே நடுவராக்குவதாகும். ‘செங்கோல்’ இதழ்களை ஆண்டு வரிசையில் வைத்து, சுயநிர்ணயம் என்னும் சொல் எப்போது அருகுகிறது, சுயாட்சி என்னும் சொல் எப்போது பெருகுகிறது என்று கண்டாலன்றி, அவர் கொள்கையை மாற்றினாரா, சொல்லை மட்டும் மாற்றினாரா என்று துணிய இயலாது.