அமைதிக் குழாய் என்னும் நம்பிக்கை

ஈரான், பாகிஸ்தான், இந்தியா மூன்றையும் இணைப்பதாக இருந்த எரிவாயுக் குழாய்க்கு 'அமைதிக் குழாய்' என்று பெயர் வைத்தார்கள். திட்டம் கிடப்பில் விழுந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பெயருக்குப் பின்னால் இருந்த நம்பிக்கைக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை. ஹோர்முஸ் நீரிணையில் பதற்றம் எழும்போதெல்லாம், கச்சா எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் அந்த வாதம் திரும்ப வருகிறது: எண்ணெய் எடுக்கும் நாடும் அது கடந்துபோகும் நாடும் ஒரே குழாயில் பணம் பார்த்தால் சண்டைக்குத் தயங்கும். இப்போது அதற்குச் சூடானையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் அங்கே எண்ணெய் ஓடுகிறதே என்கிறார்கள்.

வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். போர் தொடங்கிய பிறகும் ரஷ்ய எரிவாயு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. 2025 ஜனவரி 1 அன்று, ஒப்பந்தம் காலாவதியானபோதுதான் நின்றது. பாகுவிலிருந்து ஜார்ஜியா வழியாகத் துருக்கியின் ஜெய்ஹான் வரை 1,768 கிலோமீட்டர் நீளும் குழாய் 2006 முதல் பெரும்பாலும் சிக்கலின்றி இயங்குகிறது. ஈரான்–ஈராக் போர்க்காலத்தில் சவுதி அரேபியா செங்கடல் பக்கம் போட்ட குழாயும் பயன் தந்தது. ஆனால் அது முழுக்கச் சொந்த மண்ணில் ஓடுகிறது. அயலான் மண்ணில் ஓடும் குழாயின் கதை வேறு.

2011 ஜூலையில் தெற்கு சூடான் தனி நாடானபோது, ஒன்றுபட்ட சூடானின் எண்ணெயில் முக்கால் பங்கு தெற்கில் இருந்தது. ஏற்றுமதிக் குழாய்கள் வடக்கே ஓடிச் செங்கடல் ஓரம் போர்ட் சூடானில் முடிந்தன. தெற்குக்குக் கடல் கிடையாது. ஒருவரை விட்டால் மற்றவருக்குக் கதியில்லை என்ற நிலை. அமைதிக் குழாய் வாதம் பலிக்க இதைவிடத் தோதான இடம் அமையாது. ஆறே மாதம்தான் தாங்கியது. வழிக்கட்டணமாகப் பீப்பாய்க்கு 30 டாலருக்கு மேல் கேட்டது சூடான். ஒரு டாலர்கூடத் தர மாட்டோம் என்றது தெற்கு. பாக்கிக்கு ஈடாகச் சூடான் எண்ணெயை எடுத்துக்கொள்ளத் தொடங்கியதும், 2012 ஜனவரியில், நாளொன்றுக்கு 3,50,000 பீப்பாய் அளவிலான உற்பத்தியைத் தெற்கு சூடான் தானே நிறுத்தியது. அரசு வருவாயில் 98 சதவீதம் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஏப்ரலில் ஹெக்லிக் எண்ணெய் வயலுக்காக இரு நாட்டுப் படைகளும் மோதின. பரஸ்பரத் தேவை போரைத் தடுக்கவில்லை. எதற்காகப் போரிடுவது என்பதைத்தான் அது காட்டிக்கொடுத்தது.

வாதத்தின் அடிப்படைக் கோளாறு இங்கேதான் இருக்கிறது. கப்பல் ஒரு துறைமுகம் மூடினால் இன்னொன்றுக்குத் திரும்பும். குழாய் திரும்பாது. புதைத்த நாளிலிருந்து, வழியில் யார் துப்பாக்கி வைத்திருக்கிறாரோ அவர் கையில் சாவி போய்விடுகிறது. துப்பாக்கிகூடத் தேவையில்லை. கிர்குக்–ஜெய்ஹான் குழாய் 2023 மார்ச்சில் அடைபட்டது ஒரு நடுவர் மன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து. ஈராக்குக்குச் சுமார் 150 கோடி டாலர் இழப்பீடு தரும்படி அந்தத் தீர்ப்பு துருக்கிக்குச் சொல்லியிருந்தது. குழாய் மீண்டும் திறக்க 2025 செப்டம்பர் ஆயிற்று.

சூடானில் 2023 ஏப்ரலில் ராணுவமும் ஆர்.எஸ்.எஃப். துணை ராணுவப் படையும் மோதத் தொடங்கின. இரு தரப்பும் எண்ணெயில் கை வைக்கவில்லை என்பது குழாய் ஆதரவாளர்களின் பெருமிதம். குழாய்க்குள் என்ன ஓடுகிறது என்று அவர்கள் பார்த்திருக்க வேண்டும். தெற்கின் அப்பர் நைல் வயல்களில் எடுக்கும் டார் கலவை மெழுகு மிகுந்த கச்சா. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல, சூடு குறைந்தால் கட்டிப்படும். வழிநெடுகப் பம்ப் நிலையங்களில் சூடாக்கித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு டீசல் வேண்டும். போர்முனைகளைத் தாண்டி டீசல் போய்ச் சேரவில்லை. 2024 பிப்ரவரியில் எண்ணெய் உறைந்து குழாய் உடைந்தது. ஏற்றுமதிப் பொறுப்பை நிறைவேற்ற இயலாது என்று மார்ச்சில் சூடான் அறிவித்தது. அந்த அறிவிப்பை விலக்க 2025 ஜனவரி ஆயிற்று. யாரும் குண்டு போட வேண்டியிருக்கவில்லை. லாரி வராததே போதுமாக இருந்தது.

உலகச் சந்தையில் பிரென்ட் கச்சா விலை இதற்காக அசையவே இல்லை. 2019இல் சவுதியின் அப்கைக் எண்ணெய் நிலையம் தாக்கப்பட்டு நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய் நின்றபோது விலை ஒரே நாளில் 15 சதவீதம் அளவுக்குத் துள்ளியது, சில வாரங்களில் இறங்கியும்விட்டது. அந்தச் சந்தைக்குத் தெற்கு சூடானின் ஒரு லட்சம் பீப்பாய் சில்லறை. ஆனால் தெற்கு சூடானின் தலைநகர் ஜூபாவில் 2024இல் பவுண்டு தன் மதிப்பில் பாதிக்கு மேல் இழந்தது. அரசு ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றி வேலைக்கு வந்தார்கள். மோதலின் தாக்கத்தைப் பிரென்ட் விலையை வைத்து மட்டும் எடைபோடும் நம் பொருளாதாரப் பக்கங்களுக்கு இது செய்தியே ஆகவில்லை. ஓ.என்.ஜி.சி. விதேஷ் 2003இல் அங்கே நைல் எண்ணெய்த் திட்டத்தில் 25 சதவீதப் பங்கு வாங்கியபோது மட்டும் சூடான் நமக்குப் பக்கத்து ஊராக இருந்தது.

2025 டிசம்பரில் ஹெக்லிக் வயல் ஆர்.எஸ்.எஃப். கைக்குப் போனது. சில நாட்களிலேயே, ராணுவம், ஆர்.எஸ்.எஃப்., ஜூபா மூன்றும் ஒப்புக்கொண்டதாகச் சொல்லித் தெற்கு சூடான் தன் படையை அங்கே காவலுக்கு அனுப்பியது. இதைத்தான் இப்போது பெரிய ஆதாரமாக நீட்டுகிறார்கள்: பார்த்தீர்களா, எதிரிகளையும் குழாய் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது! கொண்டுவந்தது, மறுக்கவில்லை. பம்புகளும் வால்வுகளும் பத்திரமாயின. ராணுவ அரசின் கஜானாவுக்கு வழிக்கட்டணம் போகும் பாதை திறந்தே இருந்தது. அந்தக் கஜானாதான் போருக்கும் செலவழிக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில், பதினெட்டு மாதம் போல முற்றுகையில் கிடந்த டார்ஃபூரின் எல் ஃபாஷிர் நகரம் ஆர்.எஸ்.எஃப். கையில் வீழ்ந்து மக்கள் கொல்லப்பட்டார்கள். முற்றுகைக்குள் பட்டினி கிடந்தவர்களுக்கு உணவு லாரி போக அந்த இரண்டு படைகளும் பதினெட்டு மாதத்தில் எட்டாத உடன்பாட்டை, ஒரு எண்ணெய் வயலுக்காகச் சில நாட்களில் எட்டின. இதற்கு அமைதி என்று பெயர் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.