பசி குணமல்ல

"மாத்திரை ஊருக்கே வந்துவிட்டது, ஆள் அமைதியாக இருக்கிறார், இன்னும் என்ன வேண்டும்?" புதுக்கோட்டைப் பக்கம் மனநலச் சேவை பற்றிப் பேச்செடுத்தால் இந்தச் சமாதானம் வந்துவிடுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

மனச்சிதைவு நோய்க்குத் தரும் ஒலான்சபின் மாத்திரை நன்றாகக் கேட்கிற மருந்துதான். 2005இல் வெளியான, மனச்சிதைவு மருந்துகளை ஒப்பிட்ட அமெரிக்கக் கேட்டி (CATIE) ஆய்வில், மற்ற மருந்துகளைவிட இதைப் பாதியில் விட்டவர்களே குறைவு. 2010இல் சென்னையின் மனநலத் தொண்டு நிறுவனமான ஸ்கார்ஃப் இந்த மாவட்டத்துக் கிராமங்களுக்கு மருந்தகத்தோடு பேருந்தை அனுப்பி, சென்னை மனநல மருத்துவரைத் திரையில் பேசவைத்ததும் பெரிய காரியம். ஏர்வாடி மனநலக் காப்பகத் தீவிபத்தில் 2001இல் சங்கிலியோடு வெந்து மடிந்த 28 பேரை நினைத்தால் இதன் அருமை புரியும்.

ஆனால் அதே கேட்டி ஆய்வில், ஒலான்சபின் எடுத்தவர்களில் 30 விழுக்காட்டினருக்கு எடை 7 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் ஏறின. நம் வீடுகளில் இது ஆபத்தாகவே தெரிவதில்லை. சோற்றில் விஷம் இருக்கிறதென்று தட்டைத் தள்ளிய பிள்ளை மறுசோறு கேட்கிறான். "நல்லா சாப்பிடுறான், தேறிட்டான்" என்று தாய்க்கு நிம்மதி. மலிவாகக் கிடைப்பது ரேஷன் அரிசி. தட்டில் அதுவே குவிகிறது. அந்தப் பசி பாதி மருந்தின் வேலை என்று அவளிடம் யார் சொன்னார்கள்? அவன் அமைதியால் அக்கம்பக்கத்தார் நன்றாகத் தூங்குகிறார்கள். சர்க்கரை மட்டும் அவனுக்கு.

கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள். பெரும்பங்கு இதயநோய் போன்ற உடல்நோய்களால். மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும்வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும், 12ஆம் வாரம் சர்க்கரையை மறுபடி பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் 2004இலேயே சொல்லிவிட்டன. இதில் பெரும்பகுதிக்கு ஓர் எடைப்பொறியும் அளவுநாடாவும் குளுக்கோமீட்டரும் போதும். 2021இல் தொடங்கி, 2024இல் ஐ.நா. விருதும் பெற்ற தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலிலேயே சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கிறது. அதன் பட்டியலில் முதல் பெயர் இந்த மாத்திரை சாப்பிடுகிறவருடையதாக இருக்க வேண்டும். எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். எத்தனை பேருக்கு எடை பார்த்தோம் என்பது பேச்சிலேயே வருவதில்லை. எடை பார்க்காமல் கொடுக்கும் மாத்திரை அரை வைத்தியம்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பும். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, "எங்க பிள்ளைக்கு எடையும் சர்க்கரையும் பாருங்க" என்று கேட்டு வாங்குங்கள்.