கொட்டை ஓட்டோடு வந்தவள்

பள்ளிப் பாடத்தில் பெரியம்மைத் தடுப்பு 1796இல், எட்வர்ட் ஜென்னரோடு தொடங்குகிறது. பெண் வரலாறு வாசிக்கும் வகுப்புகள் அவருக்கு முன்னால் மேரி வொர்ட்லி மாண்டேகுவை வைக்கின்றன. சரிதான். ஒரு மருத்துவருக்குப் பதில் ஒரு சீமாட்டி என்று அங்கேயே நின்றுவிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

1717 ஏப்ரலில் துருக்கியின் ஏட்ரியானோப்பிளிலிருந்து தோழி சாரா சிஸ்வெல்லுக்கு மேரி எழுதிய கடிதத்தையே வாசியுங்கள். தம்பியை அம்மைக்குப் பறிகொடுத்து, தன் முகத்திலும் தழும்பு வாங்கியவர் மேரி. ஆனால் கடிதத்தில் வேலை செய்பவர்கள் கிழவிகள். செப்டம்பரில் வெயில் தணிந்ததும் பதினைந்து பதினாறு பேர் கூடுகிறார்கள். கிழவி கொட்டை ஓட்டில் அம்மைச் சீழோடு வருகிறாள். எங்கே கீறட்டும் என்று கேட்கிறாள். ஊசிமுனையளவே வைத்துக் கட்டுகிறாள். பருவம், அளவு, சம்மதம் மூன்றும் அறிந்தவள். (இதனால் யாரும் சாவதில்லை என்கிறார் மேரி. அது மிகை. வைத்தது உயிருள்ள பெரியம்மை. சிலர் இறந்தார்கள், பிறருக்கும் தொற்றியது. இன்றைய தடுப்பூசி அதுவல்ல என்று வகுப்பில் சொல்லியே ஆகவேண்டும்.)

1718இல் மேரியின் மகனுக்கு ஒரு கையில் கிரேக்கக் கிழவி வைத்தாள். மறு கையில் தூதரக மருத்துவர் சார்ல்ஸ் மெய்ட்லண்ட். அவள் கை நடுங்கியது, ஊசி துருப்பிடித்திருந்தது என்று பிறகு எழுதியவர் அவரே. இருக்கலாம். பல்லாண்டு இதைச் செய்துவந்தவள் என்பதும் அவர் எழுத்திலேயே இருக்கிறது. 1721இல் லண்டனில் மேரியின் மகளுக்கு வைத்தவர் மெய்ட்லண்ட். பெயரும் அவருக்கே. மேரியாவது கிழவியின் பெயரைக் கேட்டு எழுதியிருக்கலாம். அவர் கடிதத்திலும் அது இல்லை.