விளியும் விடையும்: கிறித்தவ இலக்கியத்தில் இறைவன் அழைப்பு

தொல்காப்பியர் விளியை வேற்றுமைகளுள் எட்டாவதாக எண்ணி, அதற்கெனச் சொல்லதிகாரத்தில் தனி இயலும் வகுத்தார். அவ்வியலில் விளி ஏலாப் பெயர்கள் சிலவற்றையும் ஓரிடத்துத் தொகுத்துரைக்கின்றார். தான், யான் என்பனவும், அவன் இவன் போன்ற சுட்டுமுதற் பெயர்களும், யாவன் போன்ற வினாப்பெயர்களும் விளி கொள்ளா என்பது அவர் துணிபு. விளிமரபைப் பாடஞ் சொல்லுந்தோறும், இவை ஏன் விளி ஏலா என மாணவருள் ஒருவரேனும் வினவுவதுண்டு. வழக்கில் இல்லை என்பதே இலக்கண விடை. ஆயினும் அவ்வழக்கிற்கும் ஒரு காரணம் உண்டு. ஒருவன் தன்னைத் தானே கூவியழைப்பதில்லை. ஆதலின் ‘யான்’ விளி ஏலாது. யாரைப் பற்றிப் பிறரோடு பேசுகின்றோமோ அவரை அப்பொழுது நாம் அழைப்பதில்லை. ஆதலின் ‘அவன்’ விளி ஏலாது. இன்னார் என அறியப்படாதவரை அழைத்தல் இயலாது. ஆதலின் ‘யாவன்’ விளி ஏலாது. அழைக்கப்படுதல் என்பது இம்மூன்று நிலைகளினின்றும் நீங்கி, முன்னிலையில் நிற்றல் என்பது இதனாற் போதரும்.

இவ்விலக்கணக் குறிப்பைக் கருவியாகக் கொண்டு, கிறித்தவ வாழ்வின் உயிர்நாடி எனக் கருதப்படும் ஒரு செய்தியை ஈண்டு ஆராய்வோம். இறைவன் மாந்தரைப் பொதுவாக அழைப்பதோடு அமையாது, ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைக்கின்றான் என்பது அச்சமயத்தார் கொள்கை. கொள்கையை நிறுவுதல் சமய நூலார் கடன். நாம் கேட்பது வேறு: அவ்வழைப்பு தன்னை நோக்கியதே என்பதைக் கேட்டவர் எங்ஙனம் தெளிந்தார்? இதனை இலக்கியங்கள் எவ்வாறு காட்டுகின்றன? எபிரேய மறைக்குத் தமிழிலக்கணம் அளவுகோலாமோ என வினவுவாரும் உளர். எபிரேயத்தில் விளிக்கெனத் தனி உருபில்லை. பெயர் தன்னியல்பிலேயே நின்று விளியாகும். நாம் அளவுகோலாகக் கொள்வது உருபையன்று. விளி என்னும் செயலையே.

விவிலியத்தில் இறைவன் அழைக்குமிடங்கள் சிலவற்றில் பெயர் அடுக்கி வருகின்றது. ஆபிரகாம், யாக்கோபு, மோசே, சாமுவேல், சவுல் ஆகிய ஐவரும் இருமுறை பெயர் கூறி அழைக்கப்பட்டோர். விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் என நம் இலக்கணிகள் அடுக்கிற்குக் கூறும் பொருள்களுள் ஈண்டு எது பொருந்தும் என்பது இடந்தோறும் வேறுபடும். ஆபிரகாம் மகன்மேல் கத்தியை ஓங்கிய கணத்தில் எழுந்த விளி விரைவுப் பொருட்டு என்பதில் ஐயமில்லை. தமஸ்கு சாலையில் சவுலை விளித்தது வெகுளியோ அவலமோ என ஒருதலையாகத் துணிதல் அரிது.

இவற்றுள் சாமுவேல் கதை நம் ஆய்விற்கு மிகவும் பயன்படுவது. கோயிலில் உறங்கும் சிறுவன் தன் பெயர் கேட்டு எழுந்து, முதிய குரு ஏலியிடம் ஓடுகின்றான். தாம் அழைக்கவில்லை என்று அவர் அவனைத் திருப்பி அனுப்புகின்றார். மும்முறை இங்ஙனம் நிகழ்கின்றது. பெயர் பிழையின்றிக் கேட்டது. கேட்டவனும் தன்னையே அழைத்ததாக உணர்ந்தான். அழைத்தவர் யார் என்பதில்தான் மயக்கம். கண் மங்கிய ஏலியே அதனைத் தெளிந்து, மீண்டும் அழைப்பு வருமாயின் இறைவனைப் பெயரால் விளித்து, அடியேன் கேட்கின்றேன் என விடையிறுக்குமாறு கற்பிக்கின்றார். நான்காம் முறை இறைவன் வந்து அணுக நின்று அழைத்ததாக நூல் கூறும். தொல்காப்பியர் கூறும் அண்மை விளிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு நாம் கண்டிலோம்.

ஈண்டு ஒரு நுட்பம் உளது. ஏலி கற்பித்த விடையில் இறைவனை விளிக்கும் சொல் இருந்தது. சிறுவன் கூறிய விடையில் அச்சொல் இல்லை. எஞ்சியவை கற்பித்தவாறே நிற்க, விளி மட்டும் மறைந்தது. வழக்கிலுள்ள பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் இவ்வேறுபாட்டைப் போற்றியிருத்தல் பாராட்டற்குரியது. சொற்பொழிவாளர்தாம் விடுபட்ட விளியைத் தாமே பெய்து கூறிவிடுகின்றனர். அச்சத்தால் விட்டான் எனலாம்; இறைவனை அவன் இன்னும் அறியாதவன் என நூலே முன்னர்க் கூறியிருத்தலின், அறியாத ஒருவரைப் பெயரிட்டு விளிக்க நாணினான் எனலுமாம். பின்னதே நமக்கு உடன்பாடு. பெயர் கூறி அழைக்கப்பட்டவன் பெயர் கூறாது விடையிறுத்தான்; விடை ஏற்கப்பட்டது. அவன் கேட்ட முதற்செய்தியோ ஏலியின் குடிக்கு வரும் அழிவு. அழைப்பைக் கேட்கக் கற்பித்தவரே அதனால் தண்டனை பெறுகின்றார். விடிந்தபின் ஒன்றையும் மறையாது கூறுக என அவரே வற்புறுத்திக் கேட்டு அதனை ஏற்றுக்கொள்கின்றார். இக்கதையின் பெருமை சிறுவனிடத்து எத்துணையோ அத்துணை அம்முதியவரிடத்தும் உண்டு.

இனி, பெயரே இல்லாத ஓர் அழைப்பைக் காண்போம். 386-ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அகுஸ்தீனார் மனம் உடைந்து அழுதுகொண்டிருந்தார். அண்டை வீட்டினின்று ஆண்குழவியோ பெண்குழவியோ என அறியலாகாத ஒரு குரல் எழுந்தது. எடுத்துப் படிக்குமாறு ஏவும் இருசொற்களை அது மீண்டும் மீண்டும் பாடியது. இலத்தீனில் அவை ஏவல் ஒருமை வினைகள், விளிப்பெயர் இல்லை. அவர் உடனே அதனை இறைவன் குரலாகக் கொண்டாரல்லர். இச்சொற்கள் வரும் சிறார் விளையாட்டு ஏதேனும் உண்டோ என்று முதலில் எண்ணிப் பார்த்தார் என்பது அவர்தம் வாக்குமூலம். இந்த ஐயமே அந்நூலின் நேர்மைக்குச் சான்று. பின்னரே, கோயிலிற் புகுந்தபோது படிக்கப்பட்ட நற்செய்திப் பகுதியைத் தமக்கே கூறியதாகக் கொண்ட அந்தோணியார் வரலாறு அவர் நினைவிற்கு வந்தது. திரும்பிச் சென்று பவுலின் உரோமர் திருமுகத்தைத் திறந்து, கண்ணிற் பட்ட பகுதியைப் படித்தார். உடனிருந்த நண்பர் அலிப்பியுஸ் அதனை அடுத்த பகுதியைத் தமக்குரியதாகக் கொண்டார்.

இந்நிகழ்ச்சியில் எவரும் எவரையும் விளிக்கவில்லை. குழந்தை பாடியது அவரை நோக்கியன்று. திருமுகம் உரோமர்க்கு எழுதியது. அந்தோணியார் கேட்ட பகுதியும் செல்வனொருவனுக்கு முன்னொரு காலத்துக் கூறியது. ஆயின் பதின்மூன்று பகுதிகளாக அவர் பின்னர் எழுதிய ‘அறிக்கைகள்’ என்னும் நூலோ, முதல் தொடரிலேயே இறைவனை முன்னிலைப்படுத்தி விளித்துத் தொடங்குகின்றது. இறுதிவரை அம்முன்னிலை மாறுவதில்லை. அழைப்பில் இல்லாத விளி விடையில் நிறைந்து நிற்கின்றது. அழைப்பின் தனிமை ஒலியில் இல்லை, விடையிலேயே வெளிப்படும் என நாம் கருதுவதற்கு இந்நூலமைப்பே முதன்மைச் சான்று.

இக்கருத்திற்கு ஒரு பெருந்தடை உண்டு. விடையால்தான் அழைப்பு தனதாகும் எனின், எவ்வேவலையும் தனக்கு வந்த இறையழைப்பாக ஒருவன் கொள்ளலாகாதோ? இத்தடையை நேர்நின்று எதிர்கொண்டவர் ஜான் பன்யன். தம் ஆன்ம வரலாற்றை அவர் பெட்போர்டுச் சிறையில் இருந்து எழுதி 1666-இல் வெளியிட்டார். ஓய்வுநாளொன்றில் நம் நாட்டுக் கிட்டிப்புள்ளை ஒத்த விளையாட்டில் அவர் ஈடுபட்டிருந்தபோது, பாவத்தை விட்டு வீடு பெறுவாயோ, பாவத்தோடு நரகடைவாயோ என்ற பொருள்பட ஒரு குரல் உள்ளத்திற் பாய்ந்தது. புள்ளைத் தரையில் விட்டுவிட்டு வானத்தை நோக்கினார். காலம் கடந்துவிட்டது, இனி மன்னிப்பில்லை என முடிவு செய்து, மீண்டும் ஆட்டத்திற்கே திரும்பினார்! குரல் கேட்டவுடன் மனந்திரும்பியதாகப் பேசும் கதைகளையே கேட்டுப் பழகிய நமக்கு இது வியப்பளிப்பது. மற்றொருகால், பேதுருவை நோக்கி இயேசு இருமுறை பெயர் கூறி எச்சரித்த சொற்கள், தொலைவினின்று ஒருவர் கூவுவதுபோல் ஒலிக்க, தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்த்தார். விளிக்கப்பட்ட பெயர் தமதன்று என்பதை அவரே குறிப்பிடுகின்றார். சேய்மை விளி, பெயரோ பிறருடையது, ஆயினும் குறித்தது தம்மையே எனத் திரும்பினார். அதன் பொருள் அப்பொழுது அவர்க்கு விளங்கவில்லை.

பின்னர், கிறிஸ்துவை விற்றுவிடுமாறு ஓர் ஏவல் இரவும் பகலும் அவரைத் தொடர்ந்தது. இதுவும் ஏவல் ஒருமை. இதிலும் பெயர் இல்லை. மிலான் தோட்டத்துக் குரலும் இக்குரலும் இலக்கண வடிவால் ஒன்றே. ஒலியின் உரமோ வடிவோ மெய்யழைப்பைப் பொய்யழைப்பினின்று பிரித்துக் காட்டமாட்டா என்பதைப் பன்யனைப் போலத் துன்புற்று உணர்ந்து எழுதியவர் சிலரே. அவரை வழிப்படுத்தியது வானத்துக் குரலன்று. பாத்திரம் செப்பனிடும் தம் தொழிலின் பொருட்டுப் பெட்போர்டுத் தெருவில் சென்றபோது, வெயிலில் ஒரு வாயிலண்டை அமர்ந்து இறைவன் தம்முள்ளத்தில் செய்ததைப் பேசிக்கொண்டிருந்த ஏழைப் பெண்டிர் மூவர் நால்வரின் உரையாடலே. அவர்கள் அவரை அழைக்கவுமில்லை. (தொழிலையும் அழைப்பையும் ஒரே சொல்லாற் குறிப்பது ஆங்கில மரபு, அவ்விடத்துப் பன்யன் தம் தொழிலைக் குறிக்க ஆண்ட சொல்லும் அதுவே. தமிழில் இவ்விருபொருளுக்கும் ஒரு சொல் இல்லாமையால் இந்நயம் பெயர்ப்பில் இழக்கப்படும்.) சாமுவேலுக்கு ஏலி, அகுஸ்தீனுக்கு அந்தோணியார் கதை, பன்யனுக்கு இப்பெண்டிர். அழைப்பைத் தெளிவிக்கும் மூன்றாமவர் ஒருவர் எங்கும் இருத்தல் காண்க. மேற்கூறிய தடைக்கு நாம் தரக்கூடிய விடையும் இதுவே. இது முழுமையான விடை என நாம் கூறோம்.

1678-இல் வெளிவந்த, தமிழில் ‘மோட்சப் பயணம்’ என வழங்கும் அவர்தம் உருவகநூலின் தொடக்கத்திலும் குரலில்லை. கையில் நூல், முதுகிற் சுமை, வழியறியாத அழுகை. வழிகாட்டுபவர் வந்த பின்னரே பயணம் தொடங்குகின்றது. அப்பொழுது மனைவியும் மக்களும் திரும்பி வருமாறு கூவ, அவன் விரல்களால் செவியை அடைத்துக்கொண்டு ஓடுகின்றான். ஓரழைப்பிற்கு விடையளிப்பவன் மற்றோரழைப்பிற்குச் செவி அடைக்கும் இக்காட்சி, இல்லறத்தைப் போற்றும் நமக்கு இன்னும் உறுத்தவே செய்கின்றது.

இந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த பெருங்காப்பியம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகம். வைணவக் குடியிற் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற அவர், 3766 பாடல்களால் ஐந்து பருவங்களாக இதனை அமைத்தார். 1894-இல் இது நூலாக வெளிவந்தது. கம்பர் நடையை இதிற் காட்டி மகிழ்வதோடு அமைவார் பலர். பன்யனிடத்துச் சிலுவை, பயணி எதிர்ப்படும் ஒரு காட்சி. அவ்விடத்துச் சுமை நழுவி வீழ்கின்றது. பாடுகளின் வரலாறு விரித்துரைக்கப்படுவதில்லை. தமிழ்ப் புலவரோ குமார பருவத்தில் அவ்வரலாற்றை விரிவாகப் பாடுகின்றார். ஆங்கிலப் படிப்போர்க்கு அழைத்தவர் யார் என அறிவிக்க வேண்டுவதில்லை. தமிழ்ச் செவிக்கு அது வேண்டும். ஏலி சிறுவனுக்குச் செய்ததை ஆசிரியர் தம் படிப்போர்க்குச் செய்கின்றார். மேலும், இடையிடையே தேவாரப் பதிகங்கள் என்னும் இசைப்பாடல்களை அமைத்து, இறைவனை முன்னிலைப்படுத்தி உருகுகின்றார். விடையை விளியாக்கும் இம்மரபு நம் நாட்டில் ஆழ வேரூன்றியது. மணப்பந்தரில் ஓலை காட்டித் தடுத்த முதியவரைச் சுந்தரர் பித்தன் என வைதார். அவ்வசைச்சொல்லையே முதலாக வைத்துப் பாடுமாறு இறைவன் பணித்தான் என்பது பெரியபுராணம். ஆயின் சுந்தரர் அடிமையோலையால் ஆட்கொள்ளப்பட்டார். சாமுவேலோ மும்முறை தவறி ஓடுதற்கு இடம் பெற்றான். ஆட்கொள்ளலுக்கும் அழைத்தலுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை மறந்து, இரண்டையும் ஒன்றெனக் கூறும் ஒப்பாய்வு இரண்டிற்கும் இழுக்காம்.

தமிழாசிரியர் பெரிதும் பயில்வது பன்யன் நூலின் முதற்பாகத்தையே. 1684-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தையும் நோக்குதல் வேண்டும். அன்று பின்னின்று கூவிய மனைவிக்கு அதில் அழைப்பு வருகின்றது. தூதன் ஒருவன் அவளைக் கிறிஸ்தியானா எனப் பெயரால் விளித்து, அரசன் திருமுகத்தைத் தருகின்றான். அவளோடு அண்டை வீட்டு இளம்பெண் ஒருத்தியும் புறப்படுகின்றாள். அவள் பெயரின் பொருள் இரக்கம். அவளுக்குத் திருமுகம் வரவில்லை. பெயர் கூறி எவரும் அழைக்கவில்லை. தோழி அழைத்தாள், வந்தாள். வாயிலில் கிறிஸ்தியானாவும் மக்களும் உள்ளே செல்ல, கதவு அடைபடுகின்றது. வெளியே நிற்கும் அவள், தனக்கு அழைப்பில்லை என்னும் அச்சத்தால் நடுங்குகின்றாள். உள்ளே தோழி அவளுக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருக்கும்போதே, பொறுக்கலாற்றாது அவள் கதவைப் பலமாகத் தட்டுகின்றாள். வாயிலோன் திறந்து பார்க்கையில் அவள் மயங்கிக் கிடந்தாள். அவன் அவளைக் கைப்பிடித்து எழுப்பி, உள்ளே அழைத்துச் சென்றான்.