ஜப்பானிய விசிறி ஓவியங்களில் தாவரக் குறியீடு

உச்சிவா-எ என்பது மடிக்க இயலாத ஜப்பானியக் கைவிசிறிக்காக மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்ட ஓவியமாகும். எடோ காலத்தில் (1603–1868) இது பரவலாக விற்பனையானது. ஹிரோஷிகே (1797–1858) இவ்வகையில் நூற்றுக்கணக்கான ஓவியங்களை வரைந்தார்.

இவற்றிலுள்ள தாவரங்களுக்கு அகராதி போலப் பொருள் கூறுவது வழக்கம்: பைன் மரம் நீண்ட ஆயுளையும், மூங்கில் வளைந்தாலும் முறியாத உறுதியையும், பனிக்குளிரில் பூக்கும் பிளம் மனத்திண்மையையும் குறிக்கும். இவை தவறல்ல. ஆனால் சுவரில் தொங்கும் ஓவியத்துக்கும் இதே பொருள்தான். விசிறிக்கே உரிய பொருளை இம்முறை விளக்குவதில்லை.

விசிறி கோடைக்குரியது. எனவே அதிலுள்ள செடி முதலில் குளிர்ச்சியை நினைவூட்டுகிறது. நீரோரத்தில் வளரும் ஐரிஸ் மலர் ஈரத்தை உணர்த்துகிறது. சுசுகி புல், ஹாகி போன்ற இலையுதிர்காலச் செடிகள் இனி வரப்போகும் குளிர்காற்றை முன்னதாகவே காட்டுகின்றன. அசகாவோ என்னும் கொடி விடியலில் பூத்து அன்றே வாடிவிடும். அது கோடை நாளின் குளிர்ந்த வேளையையும் நிலையாமையையும் ஒருங்கே சுட்டுகிறது.

அந்த நிலையாமை விசிறிக்கும் உண்டு. தாளை வெட்டி மூங்கில் சட்டத்தில் ஒட்டிப் பயன்படுத்துவர், கிழிந்ததும் எறிந்துவிடுவர். அருங்காட்சியகங்களில் இன்று காணப்படுபவற்றுள் பல, விசிறியில் ஒட்டப்படாமலே தப்பிய தாள்கள். அவற்றை மட்டும் பார்த்துப் பொருள் கூறுவோர், வியர்த்த கையில் அசைந்த விசிறியை மறந்துவிடுகின்றனர். மாணவர்கள் மலரின் பெயரோடு அது எந்தப் பருவத்தில், எதற்காக அச்சிடப்பட்டது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.