சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்: இராம் மோகனின் அசைவூட்டப் படங்கள்

பவணந்தியார் நூலுக்குரிய அழகு பத்தனுள் சுருங்கச் சொல்லலை முதற்கண் வைத்தார். குற்றம் பத்தனுள் குன்றக் கூறலையும் முதற்கண்ணே வைத்தார். இரண்டும் அளவிற் குறைந்தனவே; எனினும் ஒன்று அழகு, மற்றொன்று குற்றம். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட எல்லையை நூலிலன்றிப் பிறிதொரு கலையிலும் காணலாகும். இந்திய அசைவூட்டக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் இராம் மோகனின் (1931–2019) படைப்புகள் அதற்குத் தக்க சான்றாகும். ஊர்வழக்கிற் கார்ட்டூன் படம் எனப்படும் இக்கலையைச் சிறார் விளையாட்டென ஒதுக்குவாரும் உளர். அவர் கூற்று ஏலாதென்பது யாம் கருதுவது.

திருவல்லாவிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற இராம் மோகன், 1956-இல் பம்பாயில் நடுவணரசின் திரைப்படப் பிரிவிற் புதிதாகத் தோன்றிய கார்ட்டூன் பகுதியிற் சேர்ந்தார். அங்கு ஆசிரியராக வாய்த்தவர் டிசுனி நிறுவனத்திற் பணியாற்றிய கிளேர் வீக்சு. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். பத்து மணித்துளிப் படத்திற்கு 14,400 சட்டங்கள் வேண்டும். சட்டந்தோறும், அன்றேல் இரண்டு சட்டத்திற்கு ஒன்றாகவேனும், புதிய ஓவியம் வரைந்து நிறைவை நாடுவது டிசுனி முறை. வீக்சின் வழிகாட்டலில் உருவான, சாதகக் கதையொன்றைத் தழுவிய ஆலமர மான் படம் அச்சாயல் உடையது. பல சட்டங்களுக்கு ஓர் ஓவியத்தையே நிறுத்தியும், உடல் நிற்கக் கையையோ வாயையோ மட்டும் அசைத்தும் செல்வது மற்றொரு முறை. பொருள் முட்டுப்பாடே பலரை இதன்பாற் செலுத்திற்று. இராம் மோகனோ அம்முட்டுப்பாட்டையே நடையாக்கிக்கொண்டார்.

இந்நடை யார்க்குப் பயன்பட்டது என்பதும் நோக்கத்தக்கது. திரைப்படப் பிரிவின் குறும்படங்கள் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் உரை பெற்று, உரிம விதியின்படி நாடெங்கும் திரையரங்குகளிற் கட்டாயமாகக் காட்டப்பட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையடியிலுள்ள வ. புதுப்பட்டி போன்ற ஊர்களினின்று இராசபாளையத்திற்கோ திருவில்லிபுத்தூருக்கோ படம் பார்க்கச் சென்றவரும் அவற்றைப் பார்த்தே பெரும்படத்திற்குக் காத்திருந்தனர். எழுத்தறியாதாரும் அவருள் இருந்தனர். அவர்க்கு அணிமிகுந்த ஓவியத்தினும் ஐயத்திற்கிடமின்றிப் பேசும் கோடே வேண்டப்பட்டது. வரைந்தவன் பெயரை எவரும் கேட்டிலர் என்பது வேறு.

தேசிய விருது பெற்ற ‘ஓமோ சாப்சு’ என்னும் படத்தின் தலைப்பே சுருக்கத்திற்கு எடுத்துக்காட்டு: மாந்த இனத்தின் அறிவியற் பெயரை ஈறு கெடுத்து, ஆங்கிலத்திற் பேதையர் எனப் பொருள்படச் செய்துள்ளது. 1968-இல் அரசுப்பணி துறந்து பிரசாத் நிறுவனத்தின் அசைவூட்டப் பிரிவிற்குத் தலைவராயினார். 1972-இற் சொந்த நிறுவனம் கண்டார். சத்தியசித்து ராயின் ‘சத்ரஞ்சு கே கிலாடி’ (1977) படத்தில் இந்திய அரசுகள் ஒவ்வொன்றாக ஆங்கிலேயர் வயப்பட்ட வரலாறு, கனிகளைக் கொய்து விழுங்குவதாக அசைவூட்டத்திற் காட்டப்படுகின்றது. நூற்றாண்டுக் கொடுமையைச் சில கனிகளில் அடக்கி, நகையை முன்னிறுத்தி, இளிவரலை அதன்பின் மறைத்து வைத்த அப்பகுதியைக் குன்றக் கூறல் எனத் துணிவார் யார்?

1992-இல் முற்றுப்பெற்ற இராமாயணப் படம், யூகோ சாக்கோ, கோயிச்சி சசாக்கி என்னும் சப்பானியருடன் இணைந்து இயக்கியது. 2025-இல் தமிழிலும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்த அப்படத்தையே அவர்தம் பெரும்படைப்பெனப் பலர் கொள்வர். யாம் அதற்கு உடன்படுதல் அரிது. செல்வமும் நிறைவும் ஆண்டு உண்டு. இராம் மோகனின் கோடு மட்டும் இல்லை.

அக்கோடு முழுதும் விளங்குவது அதே காலத்தில் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்திற்காக அவர் வடித்த மீனா என்னும் சிறுமியிடத்தே. வங்காள தேசத்தில் தொடங்கித் தெற்காசிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவாக வேண்டப்பட்டவள் அவள். மாதிரி ஓவியங்களைப் பல நாட்டாரிடம் காட்டிக் கருத்தறிந்து, இன்ன நாட்டு உடை, இன்ன நாட்டு முகம் என அறுதியிட இயலாவண்ணம் அவளை வரைந்தனர். அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டாமையால் அவர் எல்லார்க்கும் உரியராதலை ஈண்டு நினைக்கலாம். மீனாவிற்குப் பெயர் உண்டு, ஊர் இல்லை. பள்ளிக்கு விடப்படாத அவள் தன் கிளியாகிய மித்துவை அனுப்பிப் பாடம் கேட்பிக்கின்றாள், அதனிடம் எண்ணக் கற்கின்றாள், கோழிகளை எண்ணி ஒன்று குறைதலைக் காண்கின்றாள், கள்வன் அகப்படுகின்றான். பெண்கல்வி பற்றிய நெடிய வாதம் ஒரு கோழியின் குறைவில் முடிந்துவிடுகின்றது. சில கதைகளில் அறத்தை மாந்தரே வாய்விட்டுரைப்பது குறையே. கிளி பேசவேண்டிய இடத்தில் ஆசிரியர் பேசிவிடுகின்றார்.

2014-இல் பத்மசிறீ வழங்கப்பெற்றது. அதனினும் பெரிதாக யாம் எண்ணுவது அவரிடம் பயின்று இக்கலையிற் புகுந்த இளைஞர் கூட்டத்தை. திரைப்படப் பிரிவு 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது. அப்பிரிவின் அசைவூட்டப் படங்களுக்கு அமைந்த தமிழ் உரைகள், கோடு சொன்னதையே மீண்டும் சொல்லினவா, சொல்லாது விட்டதைச் சொல்லினவா என்பது முதுகலை மாணாக்கர் எடுத்தாராயத் தக்கது.